மைந்தன் சொல் கேளாத மன்னர்கள்

அகந்தை தன் சொந்தப் பெயருடன் எவரிடமும் வருவதில்லை. அரசனிடம் சட்டம் என்றும், வீரனிடம் புகழ் என்றும், குடும்பத் தலைவனிடம் மானம் என்றும் பெயர் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பண்டைய நாடகாசிரியர்கள் இந்த வேடத்தை நன்கு அறிந்திருந்தனர்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு சோபோகிளீஸ் இயற்றிய 'ஆண்டிகனி' நாடகத்தில், கிரியோன் என்னும் மன்னன் தன் சகோதரியின் மகனது உடலை எவரும் அடக்கம் செய்யலாகாது என ஆணையிடுகிறான். இறந்தவன் நாட்டின் மீது படையெடுத்தவன் என்பதே காரணம். ஆணையை மீறிய ஆண்டிகனிக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. அவளை மணக்கவிருந்த ஹீமோன் மன்னனுடைய மகன்தான். அவன் பணிவோடு தந்தைக்கு எடுத்துரைக்கிறான். 'இளையவன் எனக்குப் புத்தி புகட்டுவதா?' என்பதே மன்னனின் கோபம். பின்னர் அவன் மனம் மாறி ஓடியும், மகனையும் இழந்தான், மனைவியையும் இழந்தான்.

கம்பர் காட்டும் இலங்கையிலும் இதுவே நிகழ்கிறது. இலக்குவனிடம் தோற்றுத் திரும்பிய இந்திரஜித்து, சீதையின் மீதுள்ள ஆசையை விட்டுவிடுமாறு தந்தையை வேண்டுகிறான். பணிந்தால் தன் பெயர் என்னாவது என்று எண்ணுகிறான் இராவணன். தந்தை செய்வது தவறென அறிந்தும், மகன் மீண்டும் போர்க்களம் சென்று மடிகிறான். ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகம் இராவணனையே நாயகனாக்கி மேடையேற்றியது. அவனிடம் தவம், கல்வி, வீரம், இசை எல்லாம் இருந்தன. எளியவனின் செருக்கு அவனோடு போகும். இத்தகையவனின் செருக்கோ ஊரையே உடன் கொண்டுபோகும்.

சூரபத்மனோ தவத்தால் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம் பெற்றவன். மகன் பானுகோபனும் தம்பி சிங்கமுகனும் சொன்ன நல்லுரை அவன் செவியில் ஏறவில்லை. போர்க்களத்தில் முருகப்பெருமானின் விசுவரூபத்தைக் கண்ட கணத்தில் அவன் உள்ளம் உருகிற்று. திருவடியில் விழ வேண்டுமென்ற ஆசையும் எழுந்தது. ஆனால் மானம் தடுத்தது என்கிறது கந்தபுராணம். பக்தி வந்தும் முழந்தாள் மடங்காத நிலை! சாதகர்களுக்கு இதைவிட அஞ்சத்தக்க இடம் வேறில்லை. மும்பையில் மாட்டுங்காவின் சங்கீத சபை 1952-இல் தொடங்கியது முதல் ஷண்முகானந்தனின் பெயரையே தாங்கி நிற்கிறது. செம்பூர் செட்டா நகரில் அவன் சந்நிதிக்கு 108 படிகள் ஏறவேண்டும். சூரனின் யுகக்கணக்கும் அதுவே என்பது ஏறுவோருக்கு நினைவு வரலாம். அந்த அசுரனையும் இறைவன் அழித்துவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டான்.

துரியோதனன் கதை சற்று வேறு. மகாகவி பாஸனுடையவை எனப்படும் நாடகங்களை கணபதி சாஸ்திரியார் 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்று 'ஊருபங்கம்'. மேடையில் மரணத்தைக் காட்டலாகாது என்ற வடமொழி நாடக மரபை மீறி, நாயகன் பார்வையாளர் முன்னிலையிலேயே உயிர்விடுகிறான். தொடைகள் முறிந்து கிடக்கும் மன்னனைத் தேடி வருகிறான் சிறுவன் துர்ஜயன். வழக்கம்போல் தந்தையின் மடியில் அமர விரும்புகிறான். சபையில் திரௌபதிக்குக் காட்டி இகழ்ந்த அதே தொடை, இன்று பெற்ற பிள்ளைக்கும் இடம் தர இயலாமல் கிடக்கிறது. பழிதீர்க்கத் துடிக்கும் அசுவத்தாமனையும் மன்னன் அமைதிப்படுத்த முயல்கிறான். மகனிடம், 'எனக்குச் செய்வதுபோல் பாண்டவர்களுக்கும் பணிவிடை செய். திரௌபதியைத் தாயாக மதித்து நட' என்கிறான்.