தலை தட்டிய கரண்டி

மாத்தளைக்குப் போய் எங்கள் மனையியல் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரமாகிறது. அந்தக் கரண்டி இன்னும் என்னை விட்டபாடில்லை.

டீச்சருக்கு 86 வயது. தனியாகத்தான் இருக்கிறார். தேத்தண்ணி போட அவரே எழும்பினார். எனக்கு ஒரு கரண்டி சீனி அள்ளி, கத்தி முதுகால் தலையைத் தட்டி, மிஞ்சியதைப் போத்தலுக்குள்ளேயே விழவைத்தார். வகுப்பில் பார்த்த அதே கை, அதே ‘சர்க்’ சத்தம். பிறகு தன் கோப்பைக்கு அள்ளினார், கும்பாச்சியாக. கத்தியைத் தொடவேயில்லை. பக்கத்தில் சீனி வருத்தத்துக் குளிசை அட்டை கிடந்தது.

“டீச்சர், உங்களுக்குத் தலை தட்டல்லியே?”

“எனக்கு நான் எந்தக் காலத்துல அளந்தேன் புள்ள? அதெல்லாம் உங்களுக்கு.”

முதலில் ஏமாந்துபோனது போலத்தான் இருந்தது. சமநிலை உணவுப் படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பால் தட்டித்தட்டி எத்தனை வருடம் படிப்பித்தவர்!

எங்கள் லயத்தில் கரண்டி அளவெல்லாம் கிடையாது. பால் டின்தான் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. 1973, 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த நாட்களில் அம்மா கோதுமை மாவைச் சுண்டில் போட்டு உள்ளங்கையால் தலை தட்டி, எங்கள் ஐந்து பேருக்கும் பங்கு வைப்பாள். அவள் பங்கு சுண்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் தனக்கு அளக்காதவள்தான். ஆனால் அது பசி. டீச்சருடையது என்ன? ஆசையா, அலுப்பா, கேட்க ஆளில்லாத வீட்டின் சுதந்திரமா?

எப்போதோ வாசித்தது அரைகுறையாக நினைவு வருகிறது. மனையியலை ஒரு படிப்பாக்கியவர்களில் ஒருவரான எலன் ரிச்சர்ட்ஸ், 1890இல் பாஸ்டனில் ஒரு சமையற்கூடம் திறந்தார். சத்துக் கணக்குப் பார்த்து ஆக்கிய உணவு, ஏழைகளுக்கு மலிவு விலையில். பிழைக்க வந்து குடியேறியிருந்த சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவரவர் ஊர் ருசிதான் வேண்டியிருந்தது. வாசித்தபோது அந்தச் சனங்களுக்காக வருத்தப்பட்டேனா, அந்த அம்மாவுக்காகவா, ஞாபகமில்லை. அவர் தன் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

திரும்பும்போது தம்புள்ளை பஸ் அலுவிகாரையைத் தாண்டியது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில், வாய்ப்பாடமாக வந்த திரிபிடகத்தை அங்கேதான் ஏட்டில் எழுதினார்களாம். பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் செத்துப்போனால் எல்லாம் போய்விடுமே என்ற பயம். எழுதியவர்களுக்கு அந்த ஏடு தேவைப்பட்டிருக்காது. “அதெல்லாம் உங்களுக்கு” என்று டீச்சர் சொன்னதும் அந்த வகைதானோ? இப்படி நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. குளிசை அட்டை அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

அன்றைக்குக் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டுமா? அம்மாவைத் தடுக்க எனக்கு வயது காணாது. டீச்சரைத் தடுக்க எது காணவில்லை என்று தெரியவில்லை. என் தேத்தண்ணி அளவான இனிப்பு. டீச்சர் தன்னுடையதைக் குடித்து முடித்துவிட்டு, அடியில் கரையாமல் கிடந்த சீனியைக் கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.