யூதர் என்னும் சொல்

பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியிலிருந்து ஆண்டவரின் பாடுகள் வாசிக்கப்படுகையில், விழுப்புரம், திண்டிவனம் பகுதி ஆலயங்களில் கூடும் நம் மக்களின் செவியில் 'யூதர்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப விழுகிறது. யூதர் ஒருவரையேனும் நேரில் கண்டவர் நம்மிடையே அரிது. காணாத மக்களை அந்த ஒரு வாசகத்தைக் கொண்டே எடைபோட்டுவிடுகிறோம். இது நீதியாகுமா?

அவர்கள் யார்? கல்தேயரின் 'ஊர்' என்னும் நகரிலிருந்து (பெயரே ஊர்தான்) புறப்பட்ட ஆபிரகாமைத் தந்தையாகவும், எகிப்தின் அடிமைத்தளையினின்று பெற்ற விடுதலையைத் தம் பிறப்பாகவும், சீனாய் மலையில் மோசே வழியாகக் கிடைத்த திருச்சட்டத்தை உயிராகவும் கருதுவோர். இறைவன் ஒருவரே, அவரை முழு உள்ளத்தோடு அன்பு செய்ய வேண்டும் என்று காலையும் மாலையும் அறிக்கையிடுவோர். முதன்மையான கட்டளை எதுவெனக் கேட்ட மறைநூல் அறிஞருக்கு இயேசு அளித்த விடையும் இதுவே. கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் கோவிலை அழித்தபின் பலி நின்றுபோயிற்று. தொழுகைக்கூடமும் ஓய்வுநாளும் வீட்டுப் பந்தியுமே அச்சமயத்தைத் தாங்கின. கோவிலும் அரசும் இன்றி ஒரு சமயம் இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்தது எளிய செய்தியன்று.

அவர்கள் நமக்கு அவ்வளவு தொலைவினரும் அல்லர். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மர், யோசேப்பு ரப்பான் என்பவருக்குச் செப்பேட்டில் உரிமைகள் பொறித்து அளித்தார். 1492-இல் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசர் யூதரைத் துரத்தினர். அவர்களின் வழிவந்தோர் சிலருக்குக் கொச்சியின் இந்து அரசர் இடம் கொடுத்தார். 1568-இல் எழுந்த தொழுகைக்கூடம் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே நிற்கிறது. இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. 1948-க்குப்பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1959-இல், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்த அடைமொழியை நீக்கினார். பாடுகளின் பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றியோ, இக்காலத்து யூதர்மீதோ சுமத்தலாகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆயினும், இயேசுவைக் கொன்றவர் யாரென்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், 'யூதர்' என்ற விடையே இன்றும் முதலில் வருகிறது. தீர்ப்பிட்டவன் பிலாத்து, ஆணி அறைந்தவர் உரோமைப் படைவீரர் என்பது பிறகே நினைவுக்கு வருகிறது.

நற்செய்தியின் சொல்லை மாற்ற நமக்கு உரிமை ஏது என்று சிலர் கேட்பர். மாற்ற வேண்டியதில்லை. வாசகம் தொடங்குமுன், சிலுவையடியில் நின்ற மரியாவும், மறுதலித்து அழுத பேதுருவும், சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் யூதரே என்று மக்களுக்கு எடுத்துரைக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.