கடிதத்தை யாரிடம் கொடுப்பது?

போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஐந்து மாணவிகள் பின்பெஞ்சில் ஒரே செல்பேசியின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஹெட்செட்டின் ஒரு முனை ஒருத்தி காதில், மறுமுனை இன்னொருத்தி காதில். மற்ற மூவருக்கும் சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். ஐந்து பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்க் கேட்டேன். “அவ செத்துப் போயிருதா மேம்” என்றாள் ஒருத்தி, மூக்கை உறிஞ்சியபடி.

செத்தவள் கவோரி என்ற ஜப்பானியச் சிறுமி. ‘யுவர் லை இன் ஏப்ரல்’ என்ற அனிமேத் தொடரில் வயலின் வாசிப்பவள். நவோஷி அரகாவா வரைந்த மாங்காவிலிருந்து எடுக்கப்பட்டு, 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 22 பகுதிகளாக வந்த கதை. நம் கணக்குக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். தாய் இறந்தபின் தான் வாசிக்கும் பியானோவின் ஒலியே காதில் விழாமல் போன கோசெய்யை அவள் மறுபடி மேடைக்கு இழுத்து வருகிறாள். அவனுடைய நண்பனைப் பிடித்திருப்பதாக அவள் சொன்னது பொய் என்பது, அவள் இறந்தபின் அவன் கைக்கு வரும் ஒரு கடிதத்தில்தான் தெரிகிறது.

அந்த வாரக் கடைசியில் நானும் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய, முனைவர் பட்டம் வாங்கிய நானும் அழுதேன். அழுகையை மெய்ப்பாடு எட்டில் ஒன்றாக வைத்து, அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் சொல்வதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். இது இழவு, சந்தேகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர்களிடம் கேட்டபோது அது அவ்வளவு எளிதாக இல்லை. ஒருத்தி கோசெய்க்காக அழுதிருந்தாள், ‘பாவம், மறுபடியும் தனியாயிட்டான்’ என்று. இன்னொருத்திக்குக் கோபம். ஒரு பையன் தேறி வருவதற்கு ஒரு பெண் சாக வேண்டுமா என்று கேட்டாள், நியாயமான கேள்வி. மூன்றாமவள் விசைத்தறி ஓடும் வீட்டுப் பெண், வகுப்பில் அதிகம் பேசாதவள். அவள் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. “அவ செத்ததுக்கு நான் அழல மேம். அவங்க அம்மா அப்பா பேக்கரி வச்சிருக்காங்கல்ல, அவங்கதான் அந்த லெட்டரை அவன்கிட்ட குடுக்காங்க. திட்டவே இல்ல. எங்க வீட்ல ஒரு லெட்டர் கெடைச்சா…” அவள் முடிக்கவில்லை. மற்ற நால்வரும் சிரித்தார்கள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று பெண்களுக்குத் தெரியும்.

அந்தத் தொடரைப் பார்த்து அழுதவர்கள் உலகெங்கும் உண்டு. மகள் எழுதிய காதல் கடிதத்தைப் பெற்றோரே உரியவனிடம் சேர்ப்பிக்கும் காட்சியை, மரணத்தைவிட நம்ப முடியாத ஒன்றாகப் பார்த்து அழுதவள் சங்கரன்கோவிலில் இருக்கிறாள். நான் இழவு என்று எண்ணிய இடத்தில் அவளுக்கு இளிவு தெரிந்திருக்கிறது. வீட்டார் அத்தனை பேர் முன்னால் செல்பேசியைப் பிடுங்கி, ஒவ்வொரு செய்தியாகச் சத்தம் போட்டு வாசிக்கக் கேட்டு நிற்பவளின் இளிவு.

நம் படங்களுக்கு நாம் அழுத விதத்தையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். 2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தபோது தியேட்டரே அழுதது. மெக்கானிக் முருகன் மனம் பேதலித்துத் தெருவில் திரிவதைப் பார்த்து நானும் அழுதேன். அவனை நேசித்த ஐஸ்வர்யா பள்ளி மாணவி. அவள் படிப்பு என்ன ஆயிற்று என்று வெளியே வந்தவர்கள் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. 2018இல் ‘96’. தஞ்சாவூர்ப் பள்ளியில் ஒன்றாய்ப் படித்தவர்கள் 22 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் கதை. பார்த்தவர்கள் பழைய வகுப்புத் தோழர்களைத் தேடிப் போனார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், ஜானுவின் மஞ்சள் குர்தியை வாங்கினார்கள். காத்திருந்த ராமுக்கே கண்ணீரில் பெரும்பங்கு. நிறைவேறாத பள்ளிக் காதல் நமக்கு அவ்வளவு இனிக்கிறது, நிறைவேறாமல் இருக்கும்வரை.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர். அவர் நேசித்த பெண்ணோடு பள்ளிக் காலத்திலிருந்தே பழக்கம் என்று செய்திகள் கூறின. பெண்ணின் தம்பி கைதானார். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்தப் பெண் பேசிய காணொளி ஒன்று வந்தது. அதைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அவள் போதுமான அளவு அழுதாளா என்று அளந்தார்கள். ‘96’க்கு அழுதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

ஆகவே திரைக்கு விடும் கண்ணீர் பொய் என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள்: “படம் பாத்து அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க மேம்.” அழ இடம் இல்லாதவளுக்கு ஜப்பானில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதைப் பிடுங்க நான் யார்? என் சிக்கல் அவர்களுடைய கண்ணீரோடு இல்லை, என்னுடையதோடுதான்.

அகத்திணையில் காதலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. ஊர் பார்க்கும், அலர் தூற்றும். தாய் பார்ப்பாள், மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். தோழியும் பார்க்கிறாள். அவள் செய்ய வேண்டியது அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்ல, தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் சொல்வாள். ரகசியத்தை உடைப்பதற்கு ‘அறம்’ என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கும். பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும் அந்தச் செய்தியில் ஒவ்வொருத்தியும் அவள் பக்கம் நின்று தன் பொறுப்பில் அடுத்தவளிடம் சேர்க்கிறாள். அவள் விரும்பியவனோடு அவளைச் சேர்த்துவைப்பதே நோக்கம். (அதுவும் திருமணத்தில்தான் போய் முடிகிறது என்பது வேறு விஷயம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் ஒரு பட்டம் வேண்டும், ஒரு வேலை வேண்டும், மனம் மாறும் உரிமையும் வேண்டும்.)

இதை நடத்திய ஒரு வாரத்தில்தான் நான் அதைச் செய்தேன். பதினொரு வருடம் ஆகிறது. அப்போது வேறொரு கல்லூரியில் இருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி திருத்தக் கொடுத்த நோட்டில், மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பள்ளியில் கூடப் படித்த பையனுக்கு எழுதியது. பிரித்தேன், படித்தேன். அவளைக் கூப்பிடவில்லை. அவள் அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். அது அப்பாவின் எண். பிற்பகலிலேயே வந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். நன்றி சொன்னார். “ஒங்கள மாதிரி டீச்சரு இருக்கதுனாலதான் பொட்டப்புள்ளயள வெளிய அனுப்ப முடியுது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வைகாசியில் கல்யாணம் என்று தோழிகள் சொன்னார்கள். அவளைப் பாதுகாத்ததாக நினைத்தேன். பையன் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கேட்காமலே அப்பாவிடம் கொடுத்தேன் என்றால் எதை நோக்கி அவளைத் தள்ளினேன் என்பதும் எனக்குத் தெரியாது. பதினெட்டு நிரம்பாதவர்களின் காதல் போக்சோ வழக்காகிச் சிறையில் முடிவதைப் பற்றி, 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படியொரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்தினரின் உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று கருத்துச் சொன்னது. என் மாணவிக்குப் பத்தொன்பது. அவள் விஷயத்தில் எந்தச் சட்டத்தையும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஆடித்தபசுக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். தான் விரும்பிய காட்சிக்காகத் தவம் இருந்த கோமதியைக் கும்பிட ஊரே திரளும் நாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. “நல்லாருக்கீங்களா மேம்?” என்றாள். குழந்தையிடம், “டீச்சருக்கு வணக்கம் சொல்லு” என்றாள். நான் எதையும் கேட்கவில்லை. கூட்டம் தள்ளியது, அவளும் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் அழவில்லை. கவோரிக்கு அழுதேன்.

இதை ஐந்து பேரிடமும் சொன்னேன். விசைத்தறி வீட்டுப் பெண் கேட்டாள்: “அந்த லெட்டர்ல என்ன மேம் இருந்திச்சு?” சொல்ல மாட்டேன் என்றேன். “அந்த அக்கா பேரு?” அகப்பாடலில் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இலக்கணம், நாமே படித்ததுதானே என்று சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அப்போ எங்ககிட்ட இதச் சொல்லலாம்னு அந்த அக்காட்ட கேட்டீங்களா மேம்?” என்றாள்.

கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கேட்கவில்லை.