வாயில்லா ஜீவன்களும் நம் கைகளும்



மதீனாவில் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தினுள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் பிரவேசித்தார்கள். அங்கு நின்ற ஒட்டகை அவர்களைக் கண்டதும் முனகியது, கண்ணீர் வடித்தது. நாயகமவர்கள் அருகே சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். ஒட்டகை அமைதியுற்றது. அதன் பிறகே சொந்தக்காரரை அழைத்து, இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறீரே, அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் காணும் ஹதீது இது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆறுதல், பிறகே விசாரணை.

குதிரைகளின் நெற்றிமயிரையும் பின்புறத்தையும் தடவிக் கொடுக்கும்படி தோழர்களுக்குப் பணித்ததாகவும் அந்நூலில் ஹதீது உண்டு. குதிரையின் முகத்தை நாயகமவர்கள் தம் மேலாடையால் துடைத்ததை முவத்தா கூறுகிறது.

இன்று மேல்நாடுகளில் இது ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. குதிரையின் தோலின் மீது விரல்நுனிகளால் சிறு வட்டங்களாக மெல்ல அசைத்துத் தடவும் முறையை, லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ் என்ற மாது 1970-களிலிருந்து வகுத்தார். கண்ணிமையைத் தொடுவதுபோன்ற இலேசான அழுத்தமே போதும் என்பார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம், கழுத்தும் முதுகும் சேரும் பகுதி. அங்கே தேய்த்துக் கொடுத்தால் இருதயத் துடிப்பு தணிகிறதென 1993-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தலை தாழும், காது தளரும். காயமும் காய்ச்சலும் கண்டால் மிருக வைத்தியரையே அழைக்க வேண்டும். கை வைத்தியம் அதற்கு ஈடல்ல.

இந்தத் தேக்கா மண்ணுக்கு இது அந்நியமான சேதியா? எருமைத் தொழுவம் இருந்ததால்தான் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரே வந்தது. 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த திடல் பக்கத்தில்தான் இருந்தது. டன்லப் வீதியின் அப்துல் கபூர் பள்ளி 1907-இல் கட்டத் தொடங்குமுன் அங்கிருந்த பழைய பள்ளியில், நம் தென்னாட்டு வியாபாரிகளும், குதிரை பராமரித்த போயான் சகோதரர்களும் ஒரே ஸஃப்பில் தொழுதார்கள். பந்தயச் சூது ஹராம், சந்தேகமில்லை. அது 2024 அக்டோபர் 5-இல் கிராஞ்சியில் கடைசி ஓட்டத்தோடு சிங்கப்பூரில் முடிந்தும்போயிற்று. ஆனால் குதிரை என்ன பாவம் செய்தது?

வியாபாரப் பெருமக்களே! நம்மைச் சுடும் சேதி ஒன்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கின. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டார். ஒன்றின் விலை 220 தீனார். வழியில் மாண்டாலும் விலை உண்டு என்று வஸ்ஸாஃப் எழுதினார். பராமரிக்கத் தெரியாமல் குதிரைகள் மடிந்தன என்றும், அவை மடிந்தால்தான் மறுபடி விற்கும் என்று வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை அங்கே போகவிடவில்லை என்றும் மார்கோ போலோ எழுதினார். கூட்டி எழுதியிருக்கலாம். ஆயினும் அந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் கலிமாச் சொன்னவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு குறுகுகிறது. இலாபத்துக்காக ஒரு ஜீவனின் நோவை நீடிக்கவிடுவது எந்த ஹலாலில் சேரும்?

நமக்கென்ன, நம்மிடம் குதிரை ஏது என்று சொல்லித் தப்ப வேண்டாம். சென்ற மாதம் கணக்குப் பிசகிய எரிச்சலில், ஐந்தடிப் பாதையில் படுத்திருந்த பூனையை நான் காலால் தள்ளினேன். அது திரும்பிப் பார்த்த பார்வை அன்றிரவு தொழுகையிலும் என் முன் நின்றது. மறுநாள் அதற்கு மீன் வைத்தேன்; வரவில்லை. தொட்டு வளர்த்த நம்பிக்கையை ஒரு உதையில் செலவழித்துவிட்டேன்.

வாய்க்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் நாளை யாஸீன் சூரா நினைவூட்டுகிறது. தராசு பிடித்த இந்தக் கை அன்று என்ன பேசும்? குர்பானி ஆட்டை இழுத்ததையா, தடவியதையா? களைத்த கடைப்பையனின் தோளைத் தொட்டதையா, தள்ளியதையா?

யா அல்லாஹ்! எங்கள் கைகளை ரஹ்மத்தின் கைகளாக ஆக்கியருள்வாயாக! ஆமீன்.