வெறுங்காலும் பதக்கமும்

மேலிடத்து ஆணைக்குப் பணிந்து சிப்பாய் ஒருவன் கொன்றால், அந்தக் கொலை யாருடையது? ‘கடவுளின் நகரம்’ நூலில் அகஸ்டின் இதற்கு ஒரு விடை சொன்னார். முறையான அதிகாரத்தின் ஆணைப்படி கொல்பவன் வெறும் வாள், வீசும் கை வேறொருவருடையது என்பது அதன் சாரம். அந்த ஞானியின் சொல்லுக்குரிய மரியாதையைக் குறைக்காமலே, இது பொய்யான ஆறுதல் என்று நான் வாதிடுகிறேன். என் சான்று தத்துவ நூல்களிலிருந்து வரவில்லை. இன்றைய இந்தோனேசியாவை அடக்கி ஆண்ட டச்சுக் காலனியப் படை தன் சிப்பாய்களுக்கு எதை உடுத்தியது, கையில் எதைக் கொடுத்தது, மார்பில் எதைக் குத்தியது என்பதிலிருந்து வருகிறது. சிப்பாய் வெறும் கருவிதான் என்று அந்தப் படையே ஒருநாளும் நம்பியதில்லை என்பதை அதன் சீருடை காட்டிக்கொடுக்கிறது.

ஜாவாப் போர் முடிந்த 1830இல் உருவான அந்தப் படை 1950இல் கலைக்கப்பட்டது. அதன் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் அந்தத் தீவுகளின் மக்களே: ஜாவானியர், அம்போனியர், மெனாடோக்காரர். ஆள் போதாமல் 1831 முதல் 1872 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் எல்மினா துறைமுகம் வழியாகச் சுமார் 3,000 பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களை விடுவிக்கக் கொடுத்த பணத்தை அவர்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டில் எல்லாரும் ஒரே கொடிக்குக் கீழ் நின்றாலும் கால்கள் ஒன்றுபோல் இல்லை. ஐரோப்பியருக்கும், ஐரோப்பியருக்குச் சமமாக நடத்துவதாக வாக்களிக்கப்பட்ட ஆப்பிரிக்கருக்கும் பூட்ஸ் உண்டு. ஜாவானியச் சிப்பாய் வெறுங்காலோடு அணிவகுத்தான். வாக்களித்தபடி தாங்கள் சமமாக நடத்தப்படவில்லை என்று ஆப்பிரிக்கர்கள் கலகம் செய்ததும் உண்டு. தங்கள் உடையும் காலணியும் எதற்குச் சாட்சி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வெறுங்கால் அந்த மண்ணின் பழக்கம்தானே, செலவும் மிச்சம்தானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் பழக்கம்தான் காரணம் என்றால் எல்மினாவிலிருந்து வந்தவன் காலில் பூட்ஸ் ஏன் ஏறியது? ஒவ்வொருவனும் எந்த இனம், அவனுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாதம்வரை கணக்குப் பார்த்த படை அது. அவனை முகமில்லாத வாளாக அது கருதியது என்று எப்படிச் சொல்வது?

ஆயுதத்தைப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயைப் பிடிக்க 1873இல் தொடங்கிய போரில் வழக்கமான பெரும்படைகள் திணறியபோது, 1890இல் மாரெஷோஸே என்ற காலாட்பிரிவு உருவானது. பெரும்பாலும் தீவு மக்களைக் கொண்ட சிறு குழுக்கள், இலகுவான கார்பைன் துப்பாக்கி, அதோடு கிளெவாங் என்னும் வெட்டுவாள். அந்தத் தீவுகளின் வாளையே எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நாட்கணக்கில் தடம்பார்த்துப் போனவர்கள் அவர்கள். கிளெவாங் கை நீளத்தில் வேலை செய்யும் ஆயுதம். வெட்டுண்டவனின் முகம் வெட்டியவன் கண்முன்னே இருக்கும். எங்கே பதுங்குவது, எப்போது பாய்வது, யாரை விடுவது என்ற தீர்ப்பு அந்தச் சிறு குழுவிடமே இருந்தது. சொந்தமாக முடிவெடுக்கத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வெற்றி கிடைத்தபோது அதற்கான பெருமையைப் பெயர் சொல்லி அவனுக்கே கொடுத்தார்கள். 1815இல் நிறுவப்பட்ட டச்சு வில்லெம் ராணுவ விருதைத் தீவு மக்களான சிப்பாய்களும் பெற்றிருக்கிறார்கள். அதன் சிலுவையில் பொறித்திருப்பவை துணிவு, மதிநுட்பம், விசுவாசம். வாளுக்கு யாரும் மதிநுட்பத்துக்காகப் பதக்கம் தருவதில்லை.

1904இல் தளபதி வான் டாலென் இந்தப் பிரிவை ஆச்சேயின் உட்பகுதியான காயோ, ஆலாஸ் மலைநாடுகளுக்குள் நடத்திச் சென்றார். கொல்லப்பட்டவர்கள் 2,900 பேர் அளவில். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும். கூத்தா ரே என்ற ஊர் விழுந்தபின் எடுத்த புகைப்படத்தில் சடலங்கள் குவிந்து கிடக்க, சீருடைக்காரர்கள் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டே வான் டாலென் ஆச்சேயின் ஆளுநர் ஆனார். அந்தப் படத்தில் நிற்பவர்களிடம் பேர்பேராகக் கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் ஆணையைத்தான் காட்டியிருப்பார்கள். பதக்கத்துக்குப் பெயர் உண்டு, குழந்தையின் சாவுக்கு மட்டும் ஆணையே பெயர் என்ற இந்தக் கணக்கு நேர்மையாக இல்லை.

வலுவான மறுப்பு ஒன்று நம் பக்கத்திலிருந்தே எழும். பற்றின்றிக் கடமையைச் செய்பவனைப் பாவம் தீண்டாது என்று கீதை சொல்லவில்லையா? பாரதப் போர் அந்த ஜாவானியச் சிப்பாய்களுக்கும் அந்நியமல்ல. வயாங் நிழல்கூத்தில் அர்ச்சுனனைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் கீதையில் அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறான், வாதாடுகிறான். எல்லாம் சொல்லி முடித்த கண்ணன், நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றுதான் அவனிடம் விடுகிறான். ஆராயும் உரிமையைப் பறித்துவிட்டுக் கடமையை மட்டும் கையில் திணிப்பதற்குக் கீதையைத் துணைக்கு அழைக்க முடியாது. டச்சுக்காரர்களின் சட்ட மேதை ஹ்யூகோ குரோஷியஸும் 1625இல் வெளிவந்த போர்ச்சட்ட நூலில், போர் அநியாயம் என்று தெளிவாகத் தெரிந்தவன் ஆணை வந்தாலும் ஆயுதம் ஏந்தக் கூடாது என்றே எழுதினார். கடல் கடந்து நாடு பிடித்த அவருடைய தேசம் அந்தப் பக்கத்தைத் தன் சிப்பாய்களுக்குப் படித்துக்காட்டவில்லை.

விடுதலைக்கான விலையே சம்பளத்தில் கழிந்துகொண்டிருந்த ஆப்பிரிக்கனிடமும், சோற்றுக்காகச் சேர்ந்த ஏழையிடமும் வான் டாலெனிடம் கேட்பதைப் போலக் கேட்க முடியுமா? முடியாது. வற்புறுத்தல் கூடக்கூடப் பொறுப்பு குறையும். ஆனால் குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு. சிப்பாயிடம் பொறுப்பைத் தேடினால் அனுப்பிய அரசு தப்பித்துக்கொள்ளும் என்று அஞ்சுவோரும் உண்டு. பொறுப்பு பங்கு பிரித்தால் தீர்ந்துவிடும் சொத்தல்ல. ஒருவர் முழுதாக ஏற்றாலும் மற்றவருடையது அப்படியே நிற்கும். இந்தோனேசிய விடுதலைப் போரில் டச்சுச் சிப்பாயாக இருந்த யோப் ஹூட்டிங் 1969இல் தொலைக்காட்சியில் தோன்றி, தானும் தன் தோழர்களும் அங்கே செய்தவற்றைப் போர்க்குற்றம் என்றே சொன்னார், மிரட்டல்கள் குவிந்தன. அவர் பேசியதால் அரசின் கடன் அடைந்துவிடவில்லை. 1947இல் ஜாவாவின் ராவாகெடே கிராமத்தில் டச்சுப் படை நடத்திய படுகொலைக்கு அரசே பொறுப்பு என்று ஹேக் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2022இல் டச்சுப் பிரதமராக இருந்த மார்க் ருட்டே அந்தப் போரின் வன்முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அரசு வாய் திறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சீருடையைக் களைந்த ஒருவர் தன் பங்கைத் தன் பெயரிலேயே சொல்லியிருந்தார்.