எத்தனை பேர் கேப்பீங்க?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. வீட்டில் பாட்டுக் கேட்கச் சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றேன். கடைக்காரர் வாட்ஸ் கேட்கவில்லை, விலை வரம்பும் கேட்கவில்லை. "எத்தனை பேர் சார் கேப்பீங்க?" என்றார். "நான் மட்டும்தான்" என்றேன். தலையசைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். நடந்தது அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

டீக்கடைக்கும் மண்டபத்துக்கும் செட் கொடுப்பவருக்கு அது தொழில் கேள்வி. அவர் எடுத்து வைத்தது உள்ளங்கை அகலப் பெட்டி; உள்ளே டிபிஏ 3116 சிப். அட்டையில் 50+50 வாட்ஸ். அது 21 வோல்ட்டுக்கும் 4 ஓம் ஸ்பீக்கருக்கும் உள்ள கணக்கு. கூடவே தரும் 12 வோல்ட் அடாப்டரில், என்னிடமுள்ள 8 ஓம் ஸ்பீக்கரில், பக்கத்துக்கு 9 வாட்ஸ் தேறினால் அதிகம். எனக்கு அதுவே தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, அதில் குழப்பமில்லை; குழப்பம் என் பதிலில்தான். வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். "நான் மட்டும்தான்" என்று அத்தனை வேகமாக ஏன் சொன்னேன்?

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊரில் மாமா ஒருவர் 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர் போர்டை மரப்பெட்டிக்குள் அடைத்து, லாரி பேட்டரியில் ஓட்டுவார். ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்தியிருப்பார். பானை திண்ணையில் தெருவைப் பார்த்தே இருக்கும். உள்ளே அத்தைக்கு முதுகுப்பக்கச் சத்தம்தான். திருச்சி வானொலியோ கேசட்டோ, எத்தனை பேருக்கு என்ற பேச்சே கிடையாது. பிடிக்காதவர்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பரீட்சை நேரத்தில் அந்தப் பானையை உடைக்க நினைத்தவர்களில் நானும் உண்டு.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் குடுமியான்மலை. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் ஸ்வர வரிசைகளை ஏழு பகுதிகளாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே இருப்பதாக எங்கோ படித்தேன். அவன் மகேந்திரவர்மனா இல்லையா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டட்டும். தன் பெயரைப் போடாதவன், யாருக்காக என்பதை விடாமல் போட்டிருக்கிறான்.

ஸ்டீரியோவோ ஆள் கணக்கைத் தானே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் கேட்பவர் தலை இருந்தால்தான் பாடகர் நடுவில் நிற்பார். பக்கத்தில் தள்ளி உட்கார்ந்தவருக்கு, பாடகர் அருகிலுள்ள பெட்டிக்குள் போய்விடுவார். சரியான இடம் ஒரே நாற்காலிக்குத்தான். பானைக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் என் பதிலைக் கருவி முன்பே சொல்லி வைத்திருந்ததா, தனியே இருக்க ஆசைப்பட்டு நான்தான் இந்தக் கருவியைத் தேடிப் போனேனா? ஒரு பக்கமும் சாய முடியவில்லை. ஒற்றை ஸ்பீக்கரைப் பொதுவாகப் பாடவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமுமாகக் கேட்கும் சுகத்தை விடவும் மனமில்லை. பெட்டி வாங்கியாகிவிட்டது. ஸ்பீக்கர்களைக் கூடத்தில் வைக்கலாம் என்று ஒரு நாளும், என் அறையிலேயே இருக்கட்டும் என்று மறுநாளும் நினைக்கிறேன்.