சாவியும் சம்மதமும்

பூட்டு ஊருக்கெல்லாம் போடும் தடை. சாவி ஒருவருக்கு மட்டும் தரும் அனுமதி. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பும் கையின் செயல்தான் அது. திருப்புகிறவன் விரும்பித் திருப்புகிறான். அந்தச் சிறு திருப்பத்தில் அவன் மனம் இருக்கிறது.

இப்போது வரும் மோட்டார் கார்கள் பலவற்றில் அந்தச் செயல் மறைந்துவிட்டது. சாவி சட்டைப் பையிலேயே கிடக்கிறது. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உயிர் பெறுகிறது. சௌகரியம்தான். இரு கையிலும் காய்கறிப் பையைச் சுமந்து வரும் பெண்மணியைக் கேட்டால் வாழ்த்துவாள்.

உள்ளே நடப்பது ஓர் உரையாடல். கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய வானொலி அலையில் குரல் கொடுக்கிறது. இரண்டொரு மீட்டருக்கு மேல் எட்டாத குரல் அது. அதைக் கேட்டுச் சாவிக்குள் இருக்கும் சிறு கருவி விழித்துக்கொள்கிறது. கார் ஓர் எண்ணைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு எண். தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியத்தை வைத்துச் சாவி கணக்குப் போட்டு விடையை அனுப்புகிறது. ரகசியத்தை மட்டும் வெளியே விடுவதில்லை. ஒட்டுக் கேட்பவனுக்கு இன்றைய விடை கிடைத்தாலும் நாளைய கேள்விக்கு அது உதவாது. விடை தவறானால் எஞ்சின் அசையாது. எஞ்சினைக் காக்கும் இந்த ஏற்பாடு திருகும் சாவிகளுக்குள்ளும் புகுந்ததுதான். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

திருடர்கள் அந்த ரகசியத்தை உடைக்கவில்லை. உடைக்கத் தேவையே இல்லை என்று கண்டுகொண்டார்கள். இரவில் இருவர் வருகிறார்கள். ஒருவன் காரின் அருகே நிற்கிறான். மற்றவன் கையில் ஒரு பெட்டியுடன் வீட்டு வாசலில் நிற்கிறான். காரின் குரலை முதல்வன் வாங்கி அனுப்ப, இரண்டாமவன் அதைச் சுவருக்கு அப்பால் ஆணியில் தொங்கும் சாவியின் காதில் போடுகிறான். சாவி உண்மையான விடையைச் சொல்கிறது. கார் புறப்பட்டுப் போய்விடுகிறது. ஜூரிக் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர் 8 கம்பெனிகளின் 10 வகைக் கார்களில் இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்திலும் பலித்தது!

இதில் பொய் சொன்னவர் யார்? கார் சரியாகவே கேட்டது. சாவி சரியாகவே விடை சொன்னது. சொந்தக்காரரோ தூங்கிக்கொண்டிருந்தார். பிழை ஓர் ஊகத்தில் இருக்கிறது. விடை வந்தால் சாவி பக்கத்தில் இருக்கிறது. சாவி பக்கத்தில் இருந்தால் சொந்தக்காரரும் பக்கத்தில் இருக்கிறார். அவர் பக்கத்தில் இருந்தால் அவருக்குச் சம்மதம். எவ்வளவு எளிதாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிவிட்டோம்!

கை செய்த வேலை போனதால் உயிர்களும் போயின. ஓடுகிற காரை விட்டுச் சாவி விலகினாலும் எஞ்சின் நிற்காது. நடுச்சாலையில் நின்றுவிட்டால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிலர் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் காரை விட்டு, சாவி தம்மிடம் இருக்கிறதே என்ற நிம்மதியில் உறங்கப் போனார்கள். எஞ்சின் சந்தடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவியது. 2006 முதல் 2018 வரை குறைந்தது 28 பேர் இப்படி மாண்டதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை கணக்கிட்டது. சாவியைத் திருகி உருவிய காலத்தில், ‘முடிந்தது’ என்று கையே மனத்துக்குச் சொல்லிற்று.

பரிகாரங்கள் வந்திருக்கின்றன. சில சாவிகள் அசையாமல் கிடந்தால் தாமே உறங்கிவிடுகின்றன. சில கார்கள் விடை வந்து சேர்ந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகின்றன. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் வானொலி அலை 30 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே தூது போகிறவர்களைத் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இவையெல்லாம் அருகாமையைத்தான் இன்னும் நுட்பமாக அளக்கின்றன. சில கார்களில் சொந்தக்காரர் தம் விரலால் ஒரு ரகசிய எண்ணையும் அழுத்த வேண்டும். பழைய திருப்பத்தின் மறுபிறவி அது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஊகம் புதியதல்ல. நம் வீடுகளின் துக்கங்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் சம்மதம் என்று கணவன் நினைக்கிறான். பெண் மறுத்துப் பேசவில்லை, அதனால் பிடித்திருக்கிறது என்று தகப்பனார் முகூர்த்தம் குறிக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு வருகிறான், அதனால் எந்த வேளையிலும் கூப்பிடலாம் என்று வேலைக்காரனை எழுப்புகிறோம். அவர்களும் ஆணியில் தொங்கும் சாவியைப் போலப் பழக்கத்தால் சரியான விடையைச் சொல்லிவிடுகிறார்கள். மனம் உள்ளே எங்கோ இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

யந்திரத்துக்குத் தூரத்தை அளக்கத்தான் கற்றுக்கொடுக்க முடியும். நமக்கு வாய் இருக்கிறது. ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்கச் சில விநாடிகள் போதும். சாவியைத் திருப்பவும் அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.